எந்த யுனிவர்சிட்டித் தலை

திருத்தணிப் பொய்கைக்கரையில் இருக்கும் முடிக் கொட்டகையை இடித்துவிட்டுச் சிமெண்டில் மண்டபம் கட்டுகிறார்கள். பழைய சாமான்களை வெளியே எடுத்துப் போட்டபோது இரண்டு மர பெஞ்சுகள் கிடைத்திருக்கின்றன. இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, மொட்டை போட வர்றவங்க தரையிலதான குந்துவாங்க? எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்சு எதுக்கு போட்டு வெச்சாங்க?" என்று கேட்டார்கள். நான் கத்தியைக் கீழே வைத்துப் பல வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்களே என்று எழுதுகிறேன்.

அந்த பெஞ்சுகள் மொட்டை போட வந்தவர்களுக்காகப் போட்டவை அல்ல. இரண்டு யுனிவர்சிட்டிகளுக்காகப் போட்டவை.

பெயர்களை எழுத மாட்டேன். இரண்டும் இன்னும் சௌக்கியமாக இருக்கின்றன, இரண்டுக்கும் இன்னும் கோபம் வருகிறது. திருத்தணி ஸ்டேஷனில் ஒரு பக்கம் ரயில் ஏறினால் ஒன்று, மறுபக்கம் ஏறினால் இன்னொன்று. தெற்கு, வடக்கு என்று நாங்கள் சொல்வோம். அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் தமிழில் திட்டுவான், தம்பி தெலுங்கில் பதில் சொல்லுவான். எந்தப் பக்கம் போய்ப் படிப்பது என்பது அவரவர் இஷ்டம். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மேல் இரண்டு யுனிவர்சிட்டிக்கும் ஒரு கண் இருந்தது.

தெற்கு பெரிய பெயர் வாங்கியது. ஃபெயில் போட்டே அந்தப் பெயரை வாங்கியது. அங்கே தேறாதவர்கள்கூட வாசலில் 'பி.ஏ. ஃபெயில்' என்று பலகை மாட்டிக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வடக்கு வயதில் சிறியது, கை தாராளம். பையன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்து மை கொட்டாமல் எழுதினால் மனசு வைத்துப் பார்ப்பார்கள் என்று பேச்சு. இது நான் சொல்வதல்ல, பெஞ்சில் கேட்டது.

இதற்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்றால், படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பரீட்சைக்கு முன்னால் மலையைப் பார்த்து முடியை வேண்டிக்கொள்வார்கள். ரிசல்ட் வந்ததும் எண்ணெய் போட்டு வாரி வளர்த்த கிராப்பு எங்கள் கூடைக்கு வந்துவிடும். பத்திரிகை எட்டாத ஊர்களில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைதான் ரிசல்ட். பள்ளிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பையன் தலையில் முடி இருந்தால், அவன் அம்மா எதுவும் கேட்க மாட்டாள். நேராக ஒப்பாரியை ஆரம்பித்துவிடுவாள்.

எங்களுக்கு எந்த யுனிவர்சிட்டி உசத்தி என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வடக்கில் தேறினவர்கள் ரயில் ரயிலாக வருவார்கள், பாட்டும் கூத்துமாக வருவார்கள், ஆளுக்கு ஒரு தலைதான். தெற்கில் தேறினவன் எப்போதாவது ஒருத்தன் வருவான். ஆனால் தனியாக வர மாட்டான். அப்பா, சித்தப்பா, தாய்மாமன், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் அவனுக்காக ஒரு வேண்டுதல் வைத்திருப்பார்கள். அவன் தேறவே மாட்டான் என்ற தைரியத்தில் வேண்டிக்கொண்டவர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் மேஸ்திரி பெயர் குப்பய்யா. தெலுங்குக்காரர், கொட்டகையில் எல்லோருக்கும் அவர் நைனா. நான் அவரிடம் வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதலில் என் முழங்காலில் பழகினேன், பிறகு கூட வேலை செய்தவர்களின் தலையில், பிறகு பக்தர்கள். என் முழங்காலில் இப்போதும் முடி சரியாக முளைப்பதில்லை.

நைனா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முடி கொடுக்க வந்தவர் முதலில் அவர் முன்னால் நிற்கவேண்டும். யாராக இருந்தாலும் மூன்று கேள்வி. "யாரு தலைய வேண்டிக்கினீங்க? எதுக்கு? நெறவேறிச்சா?" மூன்றாவது கேள்விக்கு 'ஆங்' என்று பதில் வந்தால்தான் உள்ளே விடுவார். வேறு இடங்களில் காரியம் நடப்பதற்கு முன்பே முடி கொடுப்பது உண்டு. நைனாவிடம் அது நடக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்ன ஒரு அம்மாவை, "எறங்கட்டும் தாயி. எறங்கினப்புறம் வா. முருகன் எங்கயும் போயிட மாட்டான்" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த கிருத்திகைக்கு அவள் வந்தாள், பிள்ளையும் வந்தது.

வேலையிலும் அவருக்கு ஒரே முறைதான். ஆளை மலையைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது. கையில் எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, தோல் இளகுகிற வரைக்கும் ஊற வைக்க வேண்டும். முதல் இழுப்பு உச்சியிலிருந்து நெற்றிக்கு. பிறகு வலது, பிறகு இடது, கடைசியில்தான் பிடரி. எந்தக் காரணத்துக்காகவும் தலையை அழுத்தக் கூடாது. விரலை வைத்தால் தலை தானாகக் குனிய வேண்டும், குனியவில்லை என்றால் நம் விரலில் தப்பு. நன்றாகச் செய்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாத வருஷங்கள் நிறைய. அதை வைத்துத்தான் நான் சுமாரான வேலைக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன். ஊர் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் வரதாச்சாரி தெற்கில் படித்தவர். வக்கீல் நரசிம்ம ரெட்டி வடக்கில் படித்தவர், அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ரிசல்ட் சமயத்தில் இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். நைனாவின் கேள்விக்கு வருகிறவன் என்ன பதில் சொல்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். பி.ஏ. என்று சொன்னால் உடனே, "எந்த யுனிவர்சிட்டி?" என்று இரண்டு குரல் வரும். முதலில் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான் இருந்தது. அடிதடி ஆகிவிடும் போலிருந்ததால் நைனா இன்னொன்று வரவழைத்து எதிர்ப்பக்கம் போட்டார்.

இதில் ஊர் ஜவுளிக்கடைச் செட்டியார் வேறு ஒரு கொள்ளியைச் செருகினார். அவர் திருத்தணியில் காலேஜ் கட்டப்போவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த யுனிவர்சிட்டியோடு சேர்ப்பீர்கள் என்று இருவரும் மாறி மாறி நச்சரித்ததில், "முருகனுக்கு எது மேல பிரியமோ அதுங்க. யாரு பக்கம் தலை அதிகமா விழுதோ அந்தப் பக்கம் சேத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். தப்பித்துக்கொள்ளச் சொன்னது. பெஞ்சுகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. அதன் பிறகு ஒவ்வொரு தலைக்கும் வழக்குத்தான். பாதி வழுக்கையாக இருந்த ஒரு தெற்குக்காரரை முழுத் தலையாக ஏற்க முடியாது என்று வக்கீல் மத்தியானம் வரைக்கும் வாதாடினார். அந்த மனிதர் அதுவரை தலை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். செட்டியார் கடைசியில் காலேஜ் கட்டவில்லை, சினிமாக் கொட்டகை கட்டினார். இரண்டு யுனிவர்சிட்டிக்காரர்களும் முதல் ஆட்டத்துக்கே போனார்கள்.

என் தம்பி தணிகாசலம் இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் அப்பா சீக்கிரம் போய்விட்டார். அவர் கத்தி என் கைக்கு வந்தது. இந்தக் கத்தி தம்பி கைக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என் தொழிலை நான் கேவலமாக நினைத்தவன் அல்ல. ஆனால் மலையேறி வருகிற அத்தனை பேரும் தலையை என்னிடம் கொடுத்துவிட்டு, பொய்கையில் முழுகி எழுந்ததும் என்னைத் தொடாமல் ஒதுங்கிப் போவார்கள். அவனையும் அப்படி ஒதுக்குவதைப் பார்க்க எனக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்.

தணிகாசலம் நன்றாகப் படித்தான். ஹெட்மாஸ்டரே அவனைச் சம்பளமில்லாமல் பள்ளியில் வைத்துக்கொண்டார், தெற்கில் இண்டர்மீடியட் சேர அவரே எழுதியும் கொடுத்தார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. இண்டர் தேறி பி.ஏ. கணக்குக்குச் சேர்ந்த அன்று நான் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். 'தம்பி பி.ஏ. பாஸ் பண்ணட்டும், அதுவரைக்கும் என் தலையில் கத்தி படாது, பாஸ் பண்ணினதும் முழு முடியும் உனக்கு' என்று. அவன் முடியை வேண்டிக்கொள்ளவில்லை. காலேஜில் மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் அவனுக்குக் கிராப்பு வேண்டியிருந்தது.

அதனால் ஊருக்கெல்லாம் மொட்டை போடுகிற நாவிதன் ஒருத்தன் தோள் வரைக்கும் முடியோடு உட்கார்ந்திருந்தான். காவடி எடுத்து வந்தவர்கள் என்னைச் சாமியார் என்று நினைத்துத் திருநீறு கேட்டார்கள். கொடுத்தேன். "ஜனங்க பயந்து எழுந்து ஓடறாங்க, தலப்பா கட்டுரா" என்றார் நைனா. கட்டிக்கொண்டேன்.

பரீட்சை வந்தது. தணிகாசலம் கணக்கில் நல்ல மார்க்கு, இங்கிலீஷில் போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி எழுதினான். மறுபடி இங்கிலீஷ். ஹெட்மாஸ்டர் ஆறுதல் சொன்னார். "முனிரத்தினம், கவலைப்படாதேடா. நம்ம யுனிவர்சிட்டி இங்கிலீஷ்ல ஃபெயில் ஆறதுன்னா லேசுப்பட்ட காரியமா? அதுவரைக்கும் போனானே!" அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். என் முடி அதற்குள் முதுகில் இறங்கிவிட்டது.

தம்பி வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தபோது, கூடத்தில் உட்கார்ந்து என் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது?"

"சும்மாதானே குந்திகினு இருக்கேன். நாளைலேர்ந்து நானும் வரேன்ணா."

கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு யுனிவர்சிட்டியும் மோதிக்கொள்ளட்டும், எது பெரிது எது சின்னது என்பது எனக்குத் தேவையில்லாதது. இவன் அந்தக் கொட்டகைக்குள் வேலைக்கு வந்து உட்கார்ந்துவிடுவானோ என்பது ஒன்றுதான் என் பயம்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "முனிரத்தினம், உன் தம்பிய எங்ககிட்ட அனுப்புய்யா. ஒரு வருஷம் அங்க இருந்து எழுதட்டும். எங்க சித்தப்பா வீட்ல தங்கலாம், சாப்பாடும் அங்கயே. இங்கிலீஷ்னா எங்க ஆளுங்க இப்பிடி உயிரு எடுக்க மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர். அவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மனிதருக்கு இரண்டும் இருக்கலாம்.

சேதி ஹெட்மாஸ்டருக்குப் போய்விட்டது. அதுவரை எங்கள் தெருப்பக்கமே வந்திராதவர் குடையோடு வந்து வாசலுக்கு எதிரே நின்றுகொண்டார். வீட்டுக்குள் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

"ஏண்டா தணிகாசலம், அங்கே போய்ப் பட்டம் வாங்கினா அதுக்குப் பேர் பட்டமா? ஊர்ல உள்ளவா என்ன சொல்லுவா? இன்னொரு தடவை இங்கேயே எழுது. நான் சொல்லித் தரேன்."

தணிகாசலம் திண்டாடிப்போவான் என்று நினைத்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "சாமி, நீங்க சொல்லிக் குடுத்தது நான் எங்க போனாலும் என்கூடயே வருங்க. அந்த ஃபெயிலு மட்டும் இங்கயே இருக்கட்டும்."

ஹெட்மாஸ்டர் குடையை மடக்கி, மறுபடி விரித்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். தம்பி அந்த வாரமே வடக்கே ரயில் ஏறினான். அவன் போன பிறகு ஹெட்மாஸ்டர் கொட்டகைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் பேசாமல் நைனாவிடம் பேசினார். ஆனால், "அந்தப் பையன் இங்கிலீஷ் வாசிக்கறானாமா?" என்று நைனாவிடம் கேட்பார். நான் பக்கத்திலேயே இருப்பேன். நைனா என்னைக் கேட்டு, நான் நைனாவுக்குச் சொல்லி, நைனா அவருக்குச் சொல்லுவார்.

அடுத்த ரிசல்ட் வந்தது. பத்திரிகை ரயிலில் வரும். வக்கீல் ஸ்டேஷனுக்கே போய் வாங்கி, செருப்பில்லாமல் ஓடிவந்தார். தணிகாசலம் நம்பர் இருந்தது. பரீட்சை முடிந்து வந்து வீட்டில் இருந்தவனைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தார்கள். அந்த வருஷம் இரண்டு பெஞ்சுக்கும் தலைகள் சரிசமமாக நிற்கின்றன என்று பேச்சு. மீதி இருந்தது இந்த ஒரு தலைதான். வக்கீல் கையில் மாலை. தெற்கு பெஞ்சில் ஹெட்மாஸ்டர் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதினது எங்க பேப்பரு. திருத்தினது எங்க ப்ரொஃபசரு. தலை எங்களுது" என்றார் வக்கீல்.

"நாலு வருஷம் அந்தத் தலைக்குள்ளே சரக்கை ஏத்தினது நாங்க. உள்ளே இருக்கறது அத்தனையும் எங்களோடது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"உள்ள இருக்கறத நீங்களே வெச்சிக்கோங்க சார். முடி வெளியிலதான இருக்குது?"

"வெளியிலே இருக்கற பட்டத்தை வெச்சுண்டு அவனுக்கு எவன் வேலை குடுப்பான்? எங்க ஸ்கூல் கமிட்டி தொடாது!"

"உங்க கமிட்டிய யாரு கேட்டாங்க? எங்க பக்கம் வரட்டும்!"

அந்தப் பக்கமும் அவனைத் தமிழன் என்று சொல்லி வேலை தராமல் அனுப்பியது பிற்பாடு நடந்தது. அதற்கடுத்த வருஷம் ரயில்வேயில் எடுத்து மணவூர் ஸ்டேஷனில் போட்டார்கள். பி.ஏ.வா என்று மட்டும் கேட்டார்களாம். எந்த யுனிவர்சிட்டி என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை, பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது.

நைனா சண்டை ஓய்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. "தணிகாசலம், வா இங்க" என்று கூப்பிட்டார். "யாரு தலைய வேண்டிக்கினே?"

"நான் வேண்டிக்கலீங்க நைனா. எங்கண்ணன்தான் வேண்டிக்கினாரு. அவரு தலைய."

கொட்டகையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைப்பாகையை அவிழ்த்தேன். இந்த முடியைப் பார்த்து இரண்டு பெஞ்சும் மூன்று வருஷத்துக்கு மேல் சிரித்திருக்கின்றன. எதற்காக வளர்க்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. பரீட்சை எழுதாதவன் தலையை அவர்கள் தலையாகவே நினைத்திருக்கவில்லை.

"எதுக்கு வேண்டிக்கினே?" என்று நைனா என்னைக் கேட்டார். எல்லாம் தெரிந்தவர்தான். ஆனாலும் முறைப்படி கேட்டார்.

"தம்பி பி.ஏ. பாஸ் பண்ணணும்னு."

வக்கீல் குறுக்கே வந்தார். "எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லி வேண்டிக்கினியா?"

"இல்லீங்கய்யா. பாஸ் பண்ணணும்னு மட்டும்தான்."

"நெறவேறிச்சா?" என்றார் நைனா.

"ஆங்" என்றேன்.

"அப்ப குந்து."

"மேஸ்திரி, இது எந்தக் கணக்கு?" என்று ஹெட்மாஸ்டர் எழுந்தார்.

"இது நம்ம கொட்டாயித் தல சாமி. எந்த பெஞ்சுக்கும் கெடையாது" என்று சொல்லிவிட்டு நைனா முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மலையைப் பார்த்து உட்கார்ந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் நீ என்று கத்தியோடு வந்தார்கள். அதற்குள் தணிகாசலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் எதிரே வந்து குந்தினான். கை என் கத்திக்குப் போயிற்று.

"கத்திய தொட்டே, கைய ஒடச்சிடுவேன்" என்றேன்.

"ஒரே ஒரு தலைதான்ணா. உன் தலை மட்டும். இன்னொரு தலைய எப்பவும் தொட மாட்டேன்."

நைனாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் கிண்ணியைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினார்.

தண்ணீரை மடமடவென்று தலையில் ஊற்றினான். உச்சியை விட்டுவிட்டுப் பிடரியில் ஆரம்பித்தான். இடது கையால் தலையை அழுத்தினான். சிக்குப் பிடித்த முடி கத்தியோடு இழுபட்டதில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. காதுக்குப் பின்னால் ஒரு வெட்டு, உச்சியில் ஒரு வெட்டு, நெற்றி ஓரத்தில் ஒரு நீளக் கீறல். "வலிக்குதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் அந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நைனா எழுந்து வந்தார். என் தலையில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் ஒரு தடவை தடவினார். அங்கங்கே விட்டுப்போன முடி அவர் கையில் தட்டுவது எனக்கே தெரிந்தது. ரத்தத்தைத் துண்டால் ஒற்றினார். தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"முனிரத்தினம், உன் தம்பி இந்த வேலைக்கு ஒதவ மாட்டான்ரா. வேற எங்கயாவது பொழப்பு பாத்துக்கச் சொல்லு" என்றார்.

"சொல்லிடறேன் நைனா" என்றேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.